ரோஜர் வில்லியம்ஸின் சண்டைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ரோஜர் வில்லியம்ஸை மதச் சுதந்திரத்தின் முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் திட்டுவதற்கென்றே அவர் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இவரா சகிப்புத்தன்மைக்கு உதாரணம்?

எம்.

அன்புள்ள எம்.,

திட்டினார், உண்மைதான். 1672இல், எழுபதை நெருங்கும் வயதில், பிராவிடன்சிலிருந்து நியூபோர்ட் வரை நாள் முழுக்கத் தானே துடுப்புப் போட்டுப் போய்க் குவேக்கர்களோடு வாதாடினார். அதையே பிறகு புத்தகமாகவும் போட்டார். ஆனால் அப்போது அவர் நிறுவிய ரோட் தீவுக் குடியேற்றத்தின் ஆளுநரே ஒரு குவேக்கர். பக்கத்து மாசசூசெட்ஸிலோ 1659க்கும் 1661க்கும் இடையில் நான்கு குவேக்கர்களைத் தூக்கில் போட்டிருந்தார்கள். வாயால் சண்டை போடலாம், சட்டத்தால் கூடாது. அவர் வைத்திருந்த கோடு அதுதான்.

அவர் இளகிய மனிதரே அல்ல. 1631இல் இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்கு வந்து இறங்கியதும் சபைப் பொறுப்பு தேடி வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவை முறிக்காத சபை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பைபிளின் பத்துக் கட்டளைகளில் கடவுளைப் பற்றிய முதல் நான்கை மீறியவனைத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை என்றார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுக்க அரசர் யார் என்றும் கேட்டார். 1635இல் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. கப்பலேற்றி அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1636 ஜனவரிப் பனியில் தப்பி ஓடினார். அதே ஆண்டு நராகான்செட் என்ற பூர்வகுடியின் தலைவர்கள் தந்த நிலத்தில் பிராவிடன்ஸ் பிறந்தது.

1639இல் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று பாப்டிஸ்ட் ஆனார், சில மாதங்களிலேயே அந்தச் சபையையும் விட்டு வெளியேறினார். ஒரு கட்டத்தில் மனைவியைத் தவிர வேறு யாரோடும் திருவிருந்து எடுக்கமாட்டேன் என்றாராம். மாசசூசெட்ஸ் ஆளுநர் வின்த்ராப்பின் நாட்குறிப்பில் இருக்கிறது. (அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ!) எந்தச் சபையும் அவருக்குப் போதுமான அளவு தூய்மையாக இல்லை. உலகத்தின் கை பட்டால் சபை கெட்டுவிடும் என்பதுதான் அவர் பயம். சபையையும் அரசையும் பிரிக்கச் சொன்னது முதலில் சபையைக் காப்பாற்றத்தான். கட்டாய வழிபாடு கடவுளின் மூக்கில் நாறுகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். நம்பிக்கையை லேசாக எடுத்துக்கொண்டவர் எழுதும் வரி அல்ல அது.

சரி, குவேக்கர் விஷயத்தில் நான் அவர் பக்கம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. நராகான்செட் மொழியைக் கற்று, 1643இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டவர் அவர். பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் நடந்த போரில் 1676இல் பிராவிடன்ஸ் எரிந்தது. அப்புறம் பிடிபட்ட பூர்வகுடிகளை ஆண்டுக் கணக்கில் ஊழியம் செய்ய விற்று, வந்த பணத்தை ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். விற்பனையைக் கவனித்த குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.