தேர்வுப் பதற்றத்தை ஆராய எந்தக் கருவி?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வுப் பதற்றம் உள்ள மாணவர்களுக்குக் கவனம் எப்படிச் சிதறுகிறது என்பதுதான் என் ஆய்வு. எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையில் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) செய்தால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் துறையில் இருப்பது இ.இ.ஜி. (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவி) மட்டுமே. என்ன செய்யலாம்?

பதில்: தயங்காமல் இ.இ.ஜி.யை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு அதுதான் பொருத்தம்.

எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களின் வேலையை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைத்தான் பதிவு செய்கிறது. 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழி இது. எந்த இடம் என்பதைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சொல்லிவிடும். ஆனால் அந்த ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகும். ஒரு ஒலி காதில் விழுந்ததும் கவனம் அதன்பக்கம் திரும்புவதோ அரை விநாடிக்குள் முடிந்துவிடுகிற காரியம். இ.இ.ஜி. அதை மில்லிவிநாடிக் கணக்கில் பிடிக்கும். மண்டையோட்டைத் தாண்டி வரும் மின்சாரம் என்பதால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது. நீங்கள் இடத்தைக் கேட்கவில்லையே.

சோதனையில், ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவில் எப்போதாவது வேறு ஒலி வரட்டும். வந்ததும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். சுமார் 300 மில்லிவிநாடிக்குப் பிறகு எழும் பி300 என்ற, கவனத்தோடு தொடர்புடைய மூளை அலைதான் உங்களுக்குத் தேவை. ஸ்பீல்பெர்கரின் தேர்வுப் பதற்ற வினாப்பட்டியலில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களையும் குறைவாக எடுத்தவர்களையும் ஒப்பிடலாம். பட்டன் அழுத்திய நேரத்தையும் பிழைகளையும் விட்டுவிடாதீர்கள். அலை சிறியதாக இருந்தது என்பதை மட்டும் வைத்து ‘கவனம் குறைந்தது’ என்று எழுதுவது சரியில்லை. அமிக்டலா (உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதி) செயல்பட்டாலே பயம் என்று முடிவு கட்டுவதும் இதே தவறுதான். சிரித்த முகத்தைப் பார்த்தாலும் அது செயல்படும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. 2009இல் கிரேக் பென்னெட் குழுவினர் செத்த சாமன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்துவிட்டு, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். இ.இ.ஜி.யிலும் இதே ஆபத்து உண்டு. எல்லா மின்முனைகளிலும் தேடினால் எங்காவது ஏதாவது வேறுபாடு கிடைக்கத்தான் செய்யும். அதனால் பிஇசட் (உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் நடுவில் வைப்பது) மின்முனை, இத்தனை முதல் இத்தனை மில்லிவிநாடி வரை என்று தரவு சேகரிக்கும் முன்பே எழுதி, உங்கள் கைடிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பங்கேற்பவர்களை எண்ணெய் வைக்காமல், தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாகப் பதியாது.