தோட்டப்புற ஊரில் வீடு கட்டுபவருக்குப் பசுமைக் கட்டட ஆய்வுகளால் என்ன பயன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சொந்த நிலத்தில் தரைவீடு கட்டவிருப்பதாகவும், வீடு கட்டித்தரும் குத்தகையாளர் சூரியத் தகடு, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், வெப்பம் தடுக்கும் சாயம் ஆகியவற்றைச் சேர்த்து ‘பசுமைத் தொகுப்பு’ என்று ஒரு விலை சொல்வதாகவும், பெரிய கட்டடங்களுக்காகச் செய்யப்படும் ஆய்வுகள் நம்மைப் போன்றவர்களின் வீட்டுக்குப் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊர்க்காரன்தான். வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். ஆய்வுகள் பொருந்தும், ஆனால் எந்த ஆய்வு எந்த வகைக் கட்டடத்தைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்த பிறகே பொருந்தும் என்பது என் கருத்து. உங்கள் குத்தகையாளர் அப்படிப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு, புத்ராஜெயாவில் 2010இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் ‘வைரக் கட்டடம்’. அதன் பக்கங்கள் மேலே விரிந்தும் கீழே ஒடுங்கியும் 25 பாகை சாய்ந்திருப்பதால் மேல்தளமே கீழ்த்தளத்துக்கு நிழல் தருகிறது. கான்கிரீட் தளங்களுக்குள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அந்தக் குளிர்ச்சியைத் தளத்திலேயே தேக்கிவைத்துப் பகலில் பயன்படுத்துகிறார்கள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 85 கிலோவாட்-மணி மின்சாரம் என்ற இலக்கோடு அது வடிவமைக்கப்பட்டது. வழக்கமான அலுவலகங்கள் 200க்கும் மேல் செலவழிக்கின்றன. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் அந்தக் குளிர்ந்த தளம் வேலை செய்வதற்குக் காரணம், கட்டடம் இறுக மூடப்பட்டு, உள்ளே வரும் காற்றின் ஈரம் முன்கூட்டியே பிழிந்தெடுக்கப்படுவதுதான். சன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டில் அதே தளத்தைப் போட்டால் தரையெங்கும் நீர் வியர்த்து நிற்கும்.

இரட்டைக் கண்ணாடியின் கதையும் இதைப் போன்றதே. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டப்பட்ட முதல் ‘பாசிவ்’ வீட்டை (மிகக் குறைந்த எரிசக்தியில் இதமாக இருக்கும்படி கட்டிய வீடு) தொடர்ந்து வந்த ஆய்வுகள், குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் 30 பாகை வரை வேறுபாடு இருக்கும் ஊர்களுக்கு உரியவை. நம் ஊரில் குளிரூட்டி ஓடும் அறைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு நண்பகலில்கூடப் பத்துப் பாகையை எட்டுவது அரிது. கண்ணாடி வழியாக நமக்கு வரும் வெப்பத்தில் பெரும்பங்கு நேரடி வெயில். அதைத் தடுப்பது இறவாரமே தவிர இரண்டாவது கண்ணாடி அல்ல. ஆகவே தொகுப்பிலிருந்து அதை முதலில் நீக்கச் சொல்லுங்கள்.

பணத்தை முதலில் போட வேண்டிய இடம் கூரை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கே இருக்கும் நமக்கு வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் நிற்கிறது. அடுத்தபடியாகக் கிழக்கு, மேற்குச் சுவர்கள் அடிவாங்கும். வடக்கு, தெற்குச் சுவர்களைச் சாதாரண இறவாரமே காத்துவிடும். அதனால் நிலம் இடம் கொடுத்தால் வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி வைப்பது செலவே இல்லாத முதல் சீர்திருத்தம். சூடான கூரையிலிருந்து உட்கூரைக்கு வெப்பம் கீழ்நோக்கி வருவது பெரும்பாலும் கதிர்வீச்சாகவே. சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால் காற்றின் வழியாக வருவது குறைவு. ஓட்டுக்குக் கீழே விரிக்கும் அலுமினியத் தாள் இவ்வளவு பயன் தருவதற்கு இதுவே காரணம். ஆனால் அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். எதன்மீதாவது ஒட்டிக்கிடந்தால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகம். பளபளப்பு மேல்நோக்கி இருந்தால் சில ஆண்டுகளில் தூசி படிந்து பயன் குறையும் என்பதால் கீழ்நோக்கி இருப்பது நல்லது.

தாள் மட்டும் போதாது. உட்கூரையின் மேல் ரோக்வூல் என்னும் வெப்பக்காப்புக் கற்பஞ்சைப் பரப்ப வேண்டும். 2012இல் சீரான கட்டடத் துணைவிதிகளின் (UBBL) மாதிரியில் சேர்க்கப்பட்ட 38ஏ விதி, குடியிருப்பு உட்பட எல்லாக் கட்டடங்களின் கூரைக்கும் ஒரு வரம்பு வைக்கிறது: சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள கூரை என்றால் யூ-மதிப்பு (வெப்பம் எவ்வளவு எளிதில் ஊடுருவுகிறது என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) 0.4க்கு மேல் போகக் கூடாது, கனமான கூரை என்றால் 0.6. துணைவிதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஏற்க வேண்டியிருப்பதால், உங்கள் பிளானுக்கு அது கட்டாயமா என்பதை நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் அதையே இலக்காக வைக்கலாம். அலுமினியத் தாளோடு 75 மில்லிமீட்டர் ரோக்வூல் சேர்ந்தால் 0.4ஐத் தொட்டுவிடலாம், 100 மில்லிமீட்டர் என்றால் கவலையே இல்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் அடங்குவது கூடுதல் வரவு. வெளிர்நிறச் சாயம் நல்லதே, குறிப்பாகத் தகரத்துக்கு, ஏனெனில் வெறும் தகரம் வாங்கிய வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. ஆனால் பாசி படியும் நம் மழையில் அதன் வெண்மை நீடிக்காது. அதைக் கூரையடிக் காப்புக்கு மாற்றாக விற்பவரை நம்ப வேண்டாம்.

சுவர் விஷயத்தில்தான் ஆய்வுகள் நம் பழக்கத்தைக் கேள்வி கேட்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு குபோட்டாவும் அவருடைய மலேசியக் கூட்டாளர்களும் ஜொகூர் பாருவின் செங்கல் வரிசைவீடுகளில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, நம்மில் பெரும்பாலோர் பகலில் சன்னலைத் திறந்து இரவில் மூடுகிறோம் என்று காட்டியது. அதை மாற்றி, பகலில் மூடி இரவில் திறந்தபோது வீட்டின் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 2.5 பாகையும் இரவு வெப்பம் 2 பாகையும் குறைந்தன. செங்கல்லும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. அதை வெளியேற்ற வழி விடாமல் நாம் மூடிக்கொண்டு படுக்கிறோம். ஆனால் காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்தபோது, பகல் நேரத்து இதத்தில் இந்த முறை மற்றவற்றைவிட மேலானதாக இல்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொல்கிறது. பகலில் விசிறி இன்றி ஆகாது. விசிறிக்காற்று உடலுக்கு 2 முதல் 3 பாகை குளிர்ச்சி தருவதற்குச் சமம்; அது இழுக்கும் மின்சாரமோ ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி இழுப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

‘அந்தக் காலத்துத் தோட்டத்து லயமே குளிர்ச்சி’ என்று தொழிலாளர் வரிசைவீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. தூண்மேல் உயர்த்திய பலகை வீட்டில் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் கனம் இல்லாததால் அந்தி சாய்ந்ததும் அது சூட்டைக் கழற்றிவிடும். சுற்றிலும் பால்மர (ரப்பர்) நிழல் வேறு. ஆனால் உட்கூரை இல்லாத தகரத்தின் கீழ், ஒன்றுக்கொன்று முதுகு ஒட்டிய அறைகளில், நடுப்பகலில் யாராலும் உட்கார முடியவில்லை என்பதை ஏனோ யாரும் நினைவுகூர்வதில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, படுக்கையறைச் சுவர்கள் இலேசாக இருக்கலாம் என்பதும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதும். கொசுவலையும் இரும்புக் கிராதியும் போட்ட உயரமான சன்னல்கள் இருந்தால் இரவில் திறந்துவைக்கத் துணிவு வரும்.

குளிரூட்டி வைக்கப் போகும் அறையைத் தனியாக நினையுங்கள். நம் ஊரில் அடிக்கடி நான் காணும் குறை, சன்னலுக்கு மேல் காற்றுத்துளைக் கற்கள் திறந்திருக்க, கீழே குளிரூட்டி ஓடிக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து ஓயாமல் வரும் ஈரத்தைப் பிழிவதிலேயே மின்சாரத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பூக்கிறது. ஓர் அறை திறந்து காற்றில் வாழட்டும், அல்லது குளிரூட்டி ஓடும் நேரத்தில் துளைகளை மூடிக்கொள்ளக் கதவு இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இழப்பு.

சூரியத் தகடுகளை வீடு கட்டிய பின்னரும் பொருத்தலாம். கூரையடிக் காப்பைப் பின்னர் செய்வது இரட்டைச் செலவு. எனவே விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன், கூரையின் வெட்டுத்தோற்றம் ஒன்றைப் பெரிதாக வரையச் சொல்லி, அதில் தாளின் பளபளப்பு எந்தப் பக்கம், இடைவெளி எவ்வளவு, ரோக்வூல் எத்தனை மில்லிமீட்டர், எந்த அடர்த்தி என்று எழுதி வாங்குங்கள். உட்கூரைப் பலகை அடிக்கும் நாளன்று நேரில் போய்ப் பாருங்கள்; அடித்து மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தக் குத்தகையாளரும் திறந்து காட்டப் போவதில்லை.