மீந்த சோத்துல ஃபேன் ஓடுமா?

கேள்வி: பழைய சோறு, காய்கறித் தோல் இதுலேருந்தெல்லாம் பாக்டீரியாவை வெச்சு கரண்ட் எடுக்கலாம்னு எட்டாவது படிக்கிற என் பையன் சொல்றான். நிஜமாவா? எங்க வீட்ல ஒரு ஃபேன் ஓட்ட முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பையன் சொல்றது நிஜம்தாங்க. 1911-லயே இங்கிலாந்துல டர்ஹாம் பல்கலைக்கழகத்துல மைக்கேல் பாட்டர்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டுலேருந்தும் பாக்டீரியாலேருந்தும் கரண்ட் வர்றதைக் காட்டிட்டார். எப்படின்னா, சர்க்கரையை உடைக்கும்போது எலக்ட்ரான் வெளிய வரும், அதை வாங்கிக்க நமக்கு மூச்சுல ஆக்சிஜன் இருக்கு, சேத்துக்கு அடியில கிடக்குற பாக்டீரியாவுக்கு அது கிடையாது, அதனால சில பாக்டீரியா பக்கத்துல இருக்குற இரும்புத் துரு மேல எலக்ட்ரானைத் தள்ளி விட்டுடும். துரு இருக்குற எடத்துல நாம ஒரு கார்பன் தகட்டை வெச்சா அதுமேல தள்ளும், அங்கேருந்து ஒரு வயரை இழுத்து காத்து படுற இன்னொரு தகட்டுல சேர்த்தா கரண்ட் ஓடும், அவ்ளோதான். இதுல கில்லாடி ஜியோபாக்டர், 1987-ல அமெரிக்காவுல பொடோமேக் ஆத்துச் சேத்துலேருந்து பிரிச்செடுத்தாங்க.

ஆனா ஃபேன் ஓடாதுங்க. ஒரு டப்பாவுக்கு அரை வோல்ட் கிடைச்சா நல்ல விஷயம். ஒரு காலேஜ் கண்காட்சியில ஆறு டிபன் டப்பாவை வரிசையா கோத்து வெச்சிருந்தாங்க, உள்ள கறுப்புத் தண்ணி, கடைசியில குண்டுமணி சைஸுல ஒரு சிவப்பு எல்இடி எரிஞ்சுது, ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டே நின்னேன். எனக்கு கரண்டை விட அந்தத் தண்ணிதான் முக்கியமாப் பட்டுது. தண்ணியில இருக்குற அழுக்கைத்தானே அது தின்னுது! ஹோட்டல் கழிவுநீர் ஆத்துல கலக்குறதுக்கு முன்னாடி இப்படி சுத்தமானா எவ்ளோ நல்லது.

கேள்வி: அப்போ ஊர்க்குப்பைக்கு இது உதவாதா சார்?
– வாசகர், திருச்சி

பதில்: அதுக்கு வேற வழி இருக்கு, சாண எரிவாயு. இட்லி மாவு ராத்திரியில பொங்கி வழியுதே, அதுவும் நுண்ணுயிர் விடுற கேஸ்தான், அதே மாதிரி கழிவைக் காத்து புகாத தொட்டியில போட்டு வெச்சா வேற நுண்ணுயிர் மீத்தேன்னு எரியுற கேஸை விடும், அதை எஞ்சின்ல எரிச்சு கரண்ட் எடுக்கலாம். சென்னை கோயம்பேடு மார்க்கெட்ல 2005-ல ஒரு நாளைக்கு 30 டன் காய்கறிக் கழிவு தின்கிற மாதிரி இப்படி ஒரு பிளான்ட் ஆரம்பிச்சாங்க. இதே கழிவைக் குப்பைமேட்டுல கொட்டினாலும் மீத்தேன் வரத்தான் செய்யும், ஆனா அது வானத்துக்குப் போயிடும், நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன்டைஆக்சைடை விட 28 மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும், அடிக்கடி தீயும் பிடிக்கும், சென்னை பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் இருக்குறவங்களுக்கு அந்தப் புகை தெரியும். பிளான்ட்டுக்கு வர்ற கழிவுல பிளாஸ்டிக் கவர், சாக்குக் கயிறு கலந்துட்டா மெஷின் அடைச்சுக்கும், அதனாலதான் பிரிச்சுக் கொடுங்கன்னு இவ்ளோ கெஞ்சுறோம்.

கேள்வி: வீட்ல சின்னதா ஒரு சாண எரிவாயுத் தொட்டி வெச்சேன், கேஸ் நின்னு போச்சு, புளிச்ச நாத்தம் வருது.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அளவுக்கு மேல போட்டிருப்பீங்கம்மா. சோறு நிறைய விழுந்தா ஆசிட் ஏறிடும், மீத்தேன் விடுற கூட்டம் அதுல படுத்துடும். ஒரு வாரம் எதுவும் போடாதீங்க, கொஞ்சம் சாணியைக் கரைச்சு ஊத்துங்க, அப்புறம் சோத்தைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாருங்க. எலுமிச்சைத் தோல், எலும்பு வேண்டவே வேண்டாம்.