டார்ச் சுடுவது ஆபத்தா?

கேள்வி: அதிக ஒளி தரும் எல்.இ.டி. டார்ச் லைட், ஐந்தே நிமிடங்களில் கையில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது, ஒளியும் மங்குகிறது. சூட்டினால் அது பழுதாகுமா?

பதில்: பழுதாகலாம்; ஆனால் உறை சுடுவதே பழுதின் அறிகுறி அன்று. எல்.இ.டி.க்குச் செல்லும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வெப்பமாகிறது. குண்டு பல்பில் போல அவ்வெப்பம் ஒளியோடு முன்புறம் வெளியேறுவதில்லை. ஒளியை உமிழும் மிளகளவுச் சில்லிலிருந்து (சிப்) அடித்தகடு வழியாக அலுமினிய உறைக்குக் கடந்தாக வேண்டும். ஆகவே, பேரொளி வீசியும் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும் டார்ச்சைத்தான் நான் சந்தேகிப்பேன். பல எல்.இ.டி.களில் சில்லின் வெப்பநிலை வரம்பு சுமார் 150 டிகிரி செல்சியஸ்; அதை நெருங்கியே தொடர்ந்து எரிந்தால் ஒளி நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

நீங்கள் கண்ட மங்கல் பெரும்பாலும், சூடு ஏறியதும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பாதுகாப்புச் சுற்றின் வேலை. ஆறிய பின் பழைய ஒளி திரும்பினால் கவலை வேண்டாம். எல்.இ.டி.யைவிட முதலில் நலிவது லித்தியம் அயனி பேட்டரிதான். பல பேட்டரிகளுக்கு 60 டிகிரியே உச்சவரம்பு. எரியும் டார்ச்சைத் துணிமீது கவிழ்த்து வைக்காதீர்கள். துணி கருகும், சில வேளை தீயும் பற்றும்.