மகன் அமெரிக்கக் கால்பந்து அணியின் சம்பளக் கணக்குப் போடுகிறான்: டெக்சஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினோராம் வகுப்புப் பையன், கணக்கில் நல்ல மார்க். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறான். சீசன் முடிந்த பிறகுதான் இந்த வேகமே அதிகமாகிறது. கேட்டால் "இதுதான் என் வேலையாகப் போகிறது" என்கிறான். அவன் அப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. பெரிய வேலைதான். ஆனால் ஆட்கள் குறைவு. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நீங்கள் அக்கவுண்ட்ஸில் இருபது வருஷமாக வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்கள் மகன் செய்வதை உங்கள் பாஷையிலேயே சொல்லிவிடலாம். அவன் செய்வது பாதி உங்கள் தொழில்தான்.

அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். வீரர்களின் சம்பளக் கணக்கில் ஓர் அணி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு வரம்பு. அதுதான் சாலரி கேப். 1994-ல் தொடங்கியபோது 34.6 மில்லியன் டாலர். 2025-ல் 279.2 மில்லியன். அபராதம் கட்டிவிட்டு மேலே போகிற வழி இங்கே கிடையாது. மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை, நியூயார்க் நேரப்படி மாலை 4 மணிக்குப் புது வருஷக் கணக்கு தொடங்கும். உங்கள் ஊருக்கு அப்போது மூன்று மணி. அந்த நேரத்துக்குள் எல்லா அணியும் வரம்புக்குள் வந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் முடிந்ததும் உங்கள் பையனுக்குத் தூக்கம் போவதற்குக் காரணம் அந்தத் தேதிதான்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஒரு கம்பெனி மெஷின் வாங்குகிறது. பணத்தை முழுசாக இன்றைக்கே கொடுத்துவிடுகிறது. ஆனால் செலவை அஞ்சு வருஷத்துக்குப் பிரித்து எழுதுகிறது. நடுவில் மெஷினைத் தள்ளிவிட்டால் மிச்சமிருக்கும் மதிப்பை அந்த வருஷமே எழுதித் தீர்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காக வீரருக்குத் தரும் சைனிங் போனஸ் நடப்பதும் இதே மாதிரிதான். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வீரருக்கு 50 மில்லியன் போனஸ் என்றால் பணம் அவர் கைக்குச் சீக்கிரமே போய்விடும். கேப் கணக்கில் மட்டும் வருஷத்துக்குப் பத்து பத்தாக விழும். இரண்டு வருஷம் ஆடிய பிறகு அவரை அணி விட்டுவிட்டால், மிச்சம் 30 மில்லியன் ஒரேயடியாக வந்து விழும். ஆள் அணியில் இல்லை, அவர் பேரில் கணக்கு மட்டும் ஓடும். அதற்குப் பெயர் டெட் மணி.

இதில் ஒரு தேதி விளையாட்டும் உண்டு. ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தால் அந்த 30-ல் 10 இந்த வருஷத்தில், 20 அடுத்த வருஷத்தில். மார்ச்சிலேயே விடுவித்துவிட்டு ஜூன் 1-க்குப் பிந்தையதாக இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று வருஷத்துக்கு இரண்டு வீரர்கள் வரை கேட்கலாம். ஆனால் அதனால் கிடைக்கும் இடம் ஜூன் 2-ல்தான் கைக்கு வரும். மார்ச் மாதம் நல்ல வீரர்கள் சந்தையில் இருக்கும்போது அந்தப் பணத்தைத் தொட முடியாது.

போன சனிக்கிழமை உங்கள் மகனோடு வீடியோவில் பேசினேன் அல்லவா? தன்னுடைய ஷீட்டைத் திரையில் திறந்து காட்டினான். ஒரு வரிக்கு ஒரு வீரர். அடிப்படைச் சம்பளம், போனஸ் பங்கு, விட்டால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு டெட் மணி என்று பத்தி பத்தியாகப் போட்டிருந்தான். ஓரிடத்தில் ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது. என்ன இது என்று கேட்டேன். "முதலில் போனஸை ஆறு வருஷத்துக்குப் பிரித்திருந்தேன் அங்கிள். ஒப்பந்தம் ஆறு வருஷம் என்றாலும் ஐந்துக்கு மேல் பிரிக்கக் கூடாதாம். விதியைத் தேடிப் படித்தேன். தப்பு எங்கே பண்ணினேன் என்று மறக்காமல் இருக்க அப்படியே விட்டிருக்கிறேன்" என்றான்.

சகோதரி, நான் பல வருஷமாகப் பிள்ளைகளோடு பேசுகிறேன். விளையாட்டுத் துறையில் வேலை வேண்டும் என்று வருகிற பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசை, மூன்று வருஷம் கழித்து வரப்போகிற ஒரு செலவை நினைத்து ராத்திரி உட்கார வைக்காது. தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, விதியைத் தேடிப் போய், அதை அழிக்காமல் வைத்துக்கொள்கிற பழக்கம் அவனுக்கு வந்திருக்கிறது. இந்த வேலைக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

கணக்குப் போடத் தெரிந்தால் போதுமா என்று கேட்டால், போதாது. உங்கள் ஊர் அணியிலேயே பாருங்கள். 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், டாக் பிரெஸ்காட்டின் சம்பளத்தில் 45.75 மில்லியனை கவ்பாய்ஸ் போனஸாக மாற்றியது. ரீஸ்ட்ரக்சர் என்பார்கள். ஐந்தாகப் பிரித்தால் வருஷத்துக்கு 9.15. ஆக அந்த வருஷம் மட்டும் 36.6 மில்லியன் இடம் கிடைத்தது. பிரெஸ்காட்டுக்கு ஒரு டாலரும் குறையவில்லை, பணம் முன்கூட்டியே கிடைத்தது. அணிக்கும் அன்றைக்கு வசதி. ஆனால் மீதி நான்கு வருஷத்தின் தலையிலும் 9.15 ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கணக்குக்காக மட்டும் ஒரு வெற்று வருஷத்தை ஒட்டி வைப்பார்கள். வாய்ட் இயர் என்று உங்கள் மகன் சொன்னது அதைத்தான்.

இதைச் செய்யலாமா கூடாதா என்று சொல்வதற்கு எக்செல் உதவாது. அந்த வீரர் இன்னும் மூன்று வருஷம் இதே மாதிரி ஆடுவாரா, வரம்பு எவ்வளவு உயரும் என்று யாராவது துணிந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி பல வருஷம் செலவைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. வரம்பு வருஷா வருஷம் ஏறும் என்ற நம்பிக்கை. 2020-ல் 198.2 மில்லியனாக இருந்த வரம்பு, கோவிட் காலத்தில் அரங்கங்கள் காலியானதால் 2021-ல் 182.5-க்கு இறங்கியது. செயின்ட்ஸ் ஏறக்குறைய 100 மில்லியன் அதிகமாக நின்றது. எப்படியோ மார்ச் கெடுவுக்குள் கணக்கை நேராக்கினார்கள், அந்த வேலையைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பழைய பாரம் விடவில்லை. 2021 முதல் 2024 வரை ஒரு சீசனில்கூட பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குப் போக முடியவில்லை.

பிலடெல்பியா ஈகிள்ஸும் இதே வெற்று வருஷங்களைத்தான் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் இளம் வீரர்களோடு சீக்கிரமே, விலை ஏறும் முன்பே, ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தது, அதுவும் செயின்ட்ஸின் சொந்த அரங்கில். ஒரே கருவிதான். யாரை நம்பி எப்போது பயன்படுத்தினார்கள் என்பதில்தான் எல்லாம்.

டென்வர் பிராங்கோஸின் கதையை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தப்பான முதலீட்டிலிருந்து வெளியே வருவது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை 2024 மார்ச்சில் விட்டார்கள். டெட் மணி மொத்தம் 85 மில்லியன். ஜூன் 1 வழியில் 2024-ல் 53, 2025-ல் 32 என்று பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஓட்டையோடு, டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த போ நிக்ஸ் என்ற புதுப் பையனை ஆட வைத்து அந்த வருஷமே பிளேஆஃப் போனார்கள். டிராஃப்டில் வரும் புதியவர்களின் சம்பளம், லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, கட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணக்கு நின்றது.

இப்போது வேலைக்கு வருகிறேன். ஓர் அணியில் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 32 அணிக்கும் சேர்த்தாலும் ஒரு நடுத்தர ஐடி கம்பெனியின் ஒரு மாடி நிரம்பாது. உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் அங்கே போனவர்கள் எந்த வழியில் போனார்கள் என்றும் பாருங்கள். ஈகிள்ஸின் ஹோவி ரோஸ்மன் சட்டம் படித்தவர். 2000-ல் அந்த அணியில் சாலரி கேப் வேலையில் கீழ்மட்டத்தில் நுழைந்து 2010-ல் பொது மேலாளர் ஆனார். சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸின் ஒப்பந்தங்களைப் பல வருஷம் பேசி முடித்த பராக் மராத்தே நம் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. பிசினஸ் படித்து, கன்சல்டிங் வேலையிலிருந்து 2001-ல் அங்கே போனார். குவேசி அடோஃபோ-மென்சா பொருளாதாரம் படித்து, சரக்குச் சந்தையில் டிரேடராக இருந்து, 2022-ல் மினசோட்டா வைக்கிங்ஸின் பொது மேலாளர் ஆனார். மூவரும் தொழில்முறையில் பந்து விளையாடியவர்கள் இல்லை. மூவர் கையிலும் இந்தத் துறை இல்லாவிட்டாலும் சோறு போடும் ஒரு படிப்பு இருந்தது.

இதை வைத்துத்தான் நான் சொல்கிறேன். இளங்கலையில் 'ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற பெயரைப் பார்த்து வெளிமாநிலத்தில் பெரிய கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், உள்மாநிலக் கட்டணத்தில், பொருளாதாரமோ புள்ளியியலோ அக்கவுண்டிங்கோ எடுக்கட்டும். கூடவே துணைப் பாடமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மைனர். அப்பா பேச்சும் காப்பாற்றப்படும், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்திருப்பது அணிகளிலும் உதவும். பட்டம் வாங்கிய பிறகும் விதிப்புத்தகம் அவனை இழுத்தால் மூன்று வருஷ லா ஸ்கூல். அந்தச் செலவை இப்போதே நினைத்துப் பயப்பட வேண்டாம், முடிவெடுக்க ஐந்து வருஷம் இருக்கிறது.

அணி மட்டுமே வாசல் என்றும் நினைக்க வேண்டாம். வீரர்கள் பக்கம் நின்று பேசும் ஏஜென்டுகளுக்கும் இதே அறிவு வேண்டும். வீரர்கள் சங்கத்தின் தேர்வில் தேற வேண்டும், பொதுவாக முதுகலைப் பட்டமும் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் சரிபார்க்கும் ஆட்கள் நியூயார்க்கிலுள்ள லீக் அலுவலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது கல்லூரிப் பக்கம். 2025 ஜூனில் வந்த ஒரு வழக்குத் தீர்வுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வரம்பு சுமார் 20.5 மில்லியன். வரம்பு வந்தால் கணக்குப் போட ஆள் வேண்டுமே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024-லேயே முன்னாள் என்எஃப்எல் வீரர் ஆண்ட்ரூ லக்கைக் கால்பந்து அணிக்குப் பொது மேலாளராக வைத்துவிட்டது. உங்கள் மகன் பட்டம் வாங்கும்போது அவன் படிக்கும் கல்லூரியிலேயே இப்படி ஒரு மேசை இருக்கலாம். சேர்ந்த முதல் வருஷமே அந்த அலுவலகக் கதவைத் தட்டச் சொல்லுங்கள், சம்பளம் இல்லாத உதவி வேலையானாலும் சரி.

இதையெல்லாம் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு முழு ஆஃப்-சீசன், அதாவது ஆட்டம் இல்லாத மாதங்கள், அவனுக்குக் கொடுத்துப் பார்ப்போம். கவ்பாய்ஸ் வேண்டாம், பிடித்த அணி என்றால் கண் மறைக்கும். வரம்பைத் தாண்டி நிற்கிற வேறொரு அணியை எடுக்கட்டும். மார்ச் கெடுவுக்கு முந்தின நாள், யாரை விடுவது, யார் சம்பளத்தை மாற்றுவது என்று இரண்டு பக்கத்தில் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். எண்ணோடு காரணமும் இருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் முடிந்ததும் புதியவர்களைச் சேர்க்கட்டும். ஆஃப்-சீசனில் அணியில் 90 பேர் வரை இருந்தாலும், பெரிய 51 தொகைகளும் மற்றவர்களின் போனஸ் பங்கும்தான் கணக்கில் வரும். செப்டம்பரில் சீசன் தொடங்கும்போது 53 பேரும் பயிற்சி அணியும் அடிபட்டவர்களும் எல்லாம் உள்ளே வந்துவிடும். மார்ச்சில் தாராளமாகச் செலவழித்தவர்கள் முழிப்பது அங்கேதான். அதற்கு அவன் எவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தான் என்று அன்றைக்குப் பாருங்கள்.

லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 2020 ஒப்பந்தம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 400 பக்கத்துக்கு மேல். கேப் பற்றிய பகுதியை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். பள்ளிப் பாடம் கெடாமல், ராத்திரி பத்தரைக்குக் கம்ப்யூட்டர் மூட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையில் படித்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஷீட்டில் போனஸ் பங்கு போட்டிருக்கும் பத்தியை உங்கள் கண்ணால் சரிபாருங்கள். அலுவலகத்தில் ஜூனியர் ஒருவரின் கணக்கைப் பார்ப்பது போலவே பாருங்கள், மகன் என்று விட்டுக்கொடுக்க வேண்டாம். எத்தனை தப்பு கிடைத்தது, சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மார்ச்சுக்கு முன்னால் நாம் நாலு பேரும் ஒருமுறை பேசலாம். அவன் அப்பா கட்டாயம் இருக்க வேண்டும்.