சூரியனை ஆராய வன்னியிலிருந்து வழி உண்டா? கேள்வி பதில்

சூரியப் பௌதிக ஆராய்ச்சியில் இப்போது என்ன நடக்கிறது, எங்கள் பிள்ளைகள் அதற்குள் எப்படிப் போகலாம் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மல்லாவியில் படித்தவள். இப்போது சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து இடைவிடாமல் வீசும் துகள் ஓட்டத்தை, ஆராய்கிறேன். கூரையில் பூட்டும் சோலார் தகடுகள் என் துறை அல்ல. முதலிலேயே இரண்டு விடயம்: சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். ஆராய்ச்சி இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கிளிநொச்சி, உயர்தர கணிதப் பிரிவு மாணவி: அக்கா, சூரியனைப் பற்றி எல்லாம் கண்டுபிடித்து முடிந்துவிட்டதுதானே? இனி நாங்கள் போய்ச் செய்ய என்ன இருக்கிறது?

அடிப்படைக் கேள்வியே இன்னும் தீரவில்லை, தங்கச்சி. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ். அதற்கு மேலே இருக்கும் வெளி வளிமண்டலமான கொரோனா பத்து இலட்சம் பாகையைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவது போன்ற விடயம் இது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று இல்லை.

அதைத் தேடித்தான் நாசாவின் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரிய மேற்பரப்பிலிருந்து சுமார் 61 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், மணிக்கு ஏறத்தாழ 6.9 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் கடந்து போனது. மனிதர் செய்த எந்தப் பொருளும் அவ்வளவு கிட்டப் போனதில்லை. யூஜின் பார்க்கரின் பெயரை அதற்கு வைத்த காரணம் தெரியுமா? சூரியனிலிருந்து இடைவிடாமல் ஒரு காற்று வீசுகிறது என்று 1958இல் அவர் எழுதிய கட்டுரையை, மதிப்பிட்ட இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியர் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆனால் கணிதத்தில் பிழை காண முடியவில்லை என்பதால் பிரசுரித்தார். நான் இன்று செய்யும் வேலைக்கு அடி அந்தக் கட்டுரைதான்.

ஐரோப்பாவின் சோலார் ஓர்பிட்டர் விண்கலம் 2025இல் சூரியனின் தென்துருவத்தை முதன்முதலாகப் படம் பிடித்துக் காட்டியது. புரோபா-3 என்ற இரட்டைச் செய்மதிகள் 150 மீற்றர் இடைவெளியில் பறந்து, ஒன்று மற்றொன்றுக்குச் சூரியனை மறைத்து, செயற்கைக் கிரகணம் உண்டாக்குகின்றன. அவற்றை ஏவியது இந்திய ரொக்கெட். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கும் இந்தியாவின் ஆதித்யா-எல்1 திட்டத்தை இயக்கியவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊர்ப் பெண் செய்ததை நீங்களும் செய்யலாம்.

வவுனியா: வீட்டுக்கு 5 கிலோவாட் போதுமா, எந்தக் கம்பனித் தகடு நல்லது?

என் துறை அல்ல. பதிவான பொருத்துநர்களிடம் கேளுங்கள்.

அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவன்: அக்கா, எனக்குச் சூரியப் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். பொறியியல் படித்தவனை எடுப்பார்களா? எவ்வளவு செலவாகும்?

எடுப்பார்கள். இந்தத் துறையில் பாதி வேலை கருவி, சமிக்ஞை, நிரலாக்கம். மின்காந்தவியலும் பாய்மவியலும் கையில் இருந்தால் பிளாஸ்மாப் பௌதிகத்தை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவின் பௌதிகத்தை, எட்டிப் பிடிக்கலாம்.

செலவு பற்றிய கேள்விக்கு எல்லோரும் கவனமாக வாசியுங்கள். விஞ்ஞானத்தில் முறையான கலாநிதி இடம் என்றால் அவர்கள்தான் உங்களுக்குக் காசு தருவார்கள். ஜேர்மனியின் கொட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியத் தொகுதி ஆய்வு நிறுவனத்தில் அப்படித்தான். அங்கே முதுமாணி கேட்பார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் நான்கு வருடப் பட்டத்தோடே போகலாம், கட்டணத்தைத் தள்ளி, மாதச் செலவுக்கும் தருவார்கள். ஒஸ்லோவில் சூரியப் பௌதிகத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பக்கத்தில் என்றால் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் சூரிய அவதானிப்பு நிலையம் அவர்களுடையதுதான். உதய்ப்பூரில் ஏரிக்கு நடுவே ஒரு சூரிய நிலையம் உண்டு.

எங்கள் நாட்டுப் பிள்ளைகள் அதிகம் கவனிக்காத ஒன்று, இத்தாலியின் திரியெஸ்தேயில் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம். வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வருட டிப்ளோமா, முழுச் செலவும் அவர்களுடையது. அதில் புவித்தொகுதிப் பௌதிகமும் ஒரு பிரிவு.

அதற்கு முதல் இந்த வருடமே செய்யக்கூடியது: சூரியத் தரவுகளைக் கையாளும் சன்பை என்ற, பைதன் நிரல்மொழியில் எழுதிய மென்பொருள் தொகுப்பு. அதை எழுதுவது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள். ஒரு சிறிய வழுவைத் திருத்தி அனுப்புங்கள். மாணவர்களுக்காகக் கூகுள் நடத்தும் சமர் ஒஃப் கோட் திட்டம் மூலம் அதில் சம்பளத்துடன் வேலை செய்த மாணவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் பத்துச் சான்றிதழை விட, பிறர் பார்த்து ஏற்றுக்கொண்ட ஒரு துண்டு நிரல் பெரிது.

ஒட்டுசுட்டான்: ஒருவர் நாலு இலட்சம் தந்தால் ஐரோப்பாவில் விண்வெளி ஆராய்ச்சி இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கொடுக்க வேண்டாம். மேலே எழுதியதை வாசியுங்கள்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளி: பிள்ளை, இரண்டு வருடமாக இரவில் ஜிபிஎஸ் சில நேரம் தடுமாறுது. பங்குனி, சித்திரையில் அதிகம். மெசினைத் திருத்தக் கொடுத்தேன், பழுதில்லை என்றார்கள். சூரியனுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோ?

இருக்கிறது அண்ணை. நீங்கள் கவனித்த மாதம்கூடச் சரி.

செய்மதியின் சமிக்ஞை உங்கள் படகுக்கு வர முதல் அயனமண்டலத்தை, அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கை, கடக்க வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், பொழுது பட்ட பிறகு, அயனமண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். அவற்றுக்குள்ளால் வரும் சமிக்ஞை மினுங்கத் தொடங்கும், கருவி சில செய்மதிகளைத் தவறவிடும். பங்குனி சித்திரையிலும் புரட்டாதி ஐப்பசியிலும் இது அதிகம். சூரியனின் செயற்பாடும் அதில் தெரியும் கரும்புள்ளிகளும் ஏறக்குறைய பதினொரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும், அது உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். நடப்புச் சுழற்சியின் உச்சம் 2024 ஒக்டோபரை ஒட்டி வந்தது. அதனால்தான் இந்த இரண்டு வருடம்.

பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தணியும். ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் சேர்த்து எடுக்கும் கருவி என்றால் தடுமாற்றம் குறையும். திசைகாட்டியைப் படகில் வைத்திருங்கள். இடம் திடீரென்று பாய்ந்து மாறினால் உடனே அதன்படி திருப்பாமல் சில நிமிடம் பொறுங்கள்.

மாணவர்களுக்கு: இந்த அண்ணை சொன்னது நல்ல ஆராய்ச்சித் தலைப்பு. நோர்வேயில் இருப்பவருக்குத் துருவ ஒளி தெரியும், இந்தக் குமிழி தெரியாது. எங்களுக்கு இது தலைக்கு மேலே. முல்லைத்தீவுக் கரையில் ஒரு மலிவான ஜிபிஎஸ் சமிக்ஞை வாங்கியை வைத்து இரவிரவாகப் பதிந்தாலே பயனுள்ள தரவு கிடைக்கும். யாராவது தொடங்கினால் நான் உதவுவேன்.

நெடுங்கேணி: சோலார் தகட்டை எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவ வேண்டும்?

தகடு பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

துணுக்காய், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, நான் வயலும் செய்கிறேன். என் கணக்கில் மழை சூரியப்புள்ளிச் சுழற்சியோடு போகிறது. 2014இல் சூரிய உச்சம், அந்த வருடம் வன்னியில் வறட்சி. 2008 கார்த்திகையில் நிஷா புயல், 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு எல்லாம் திறந்து கிளிநொச்சி வெள்ளம். இரண்டு முறையும் சூரியன் அடங்கியிருந்தது. விஞ்ஞானிகள் ஏன் இதைச் சொல்வதில்லை?

ஐயா, இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசை. நீங்கள் சொன்ன வருடங்கள் சரி. 2008 டிசம்பரும் 2019 டிசம்பரும் சூரியன் மிக அடங்கிய மாதங்கள். ஆனால் 2016, 2017 வறட்சி 2014ஐ விடக் கடுமை. அப்போது சூரியன் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உச்சம் வந்து ஒரு வருடத்தில், 2025 கார்த்திகையில், தித்வா புயல் வெள்ளம்.

சூரியனிலிருந்து பூமிக்கு வரும் சக்தி சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,361 வாற்று. உச்சத்துக்கும் அடக்கத்துக்கும் இடையில் அது மாறுவது சுமார் ஒரு வாற்று. எங்கள் காலபோக மழையை அதைவிடப் பலமாக ஆட்டுவது பசிபிக் சில வருடங்களில் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோவும் இந்து சமுத்திரத்தின் வெப்பநிலை மாற்றமும். எல் நினோ வருடத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை கூடுவது வழக்கம்.

பூநகரி: அப்படியென்றால் ஐயா சொல்வது மூடநம்பிக்கை என்று நேரே சொல்லுங்கோவன்.

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். கொடைக்கானல் நிலையம் எதனால் வந்தது? 1876இல் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையை முன்கூட்டி அறியலாமா என்ற கேள்வியும் அதற்கு ஒரு காரணம். ஐயாவின் கேள்வியைத்தான் அன்று அரசாங்கமே கேட்டது. மழைக்கு விடை வரவில்லை, ஆனால் நூறு வருடத்துக்கு மேலான சூரியப் படங்கள் வந்தன. சூரியப்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார்.

துணுக்காய் ஆசிரியர்: 2025ஐ ஒரு விலக்காக வைத்துக்கொள்ளலாமே. அல்லது இரண்டு மூன்று வருடம் பிந்தி விளைவு வருகிறது என்று எடுத்தால் 2016, 2017 பொருந்துகிறது.

இங்கேதான் நான் மறுக்கிறேன், ஐயா. பொருந்தாததை விலக்கு என்றும், மிச்சத்தைப் பிந்தி வந்தது என்றும் எடுத்தால் எந்தச் சுழற்சியும் எந்த மழையோடும் பொருந்தும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இது நடந்தது. 1896இலிருந்து ஏரி மட்டம் சூரியப்புள்ளி எண்ணிக்கையோடு ஏறி இறங்கியது. புரூக்ஸ் என்ற வானிலையாளர் 1923இல் அதை எழுதினார். வரைபடத்தைப் பார்த்தால் எவரும் நம்புவார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் தொடர்பு குலைந்துபோனது. இரண்டு சுழற்சி போதாது என்பதற்கு எங்கள் துறை அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறது.

வட்டக்கச்சி: ஐயாவின் பக்கம் நான். விவசாயி கண்ணால் கண்டதை விட உங்கள் கணினியா பெரிது?

கண்டது உண்மை. வெள்ளமும் வறட்சியும் வந்தது உண்மை. அதற்குக் காரணம் சூரியன் என்பது மட்டும் சோதிக்க வேண்டியது. அதைச் சோதிக்க ஐயாவே போதும். பிரசெல்ஸில் உள்ள அவதானிப்பு நிலையம் 1749இலிருந்து மாதவாரியாகச் சூரியப்புள்ளி எண்ணிக்கையை இலவசமாகத் தருகிறது. மழைக்கு, ஐயா, உங்கள் வயல் கொப்பிகள் எந்த வருடத்திலிருந்து இருக்கின்றன?

துணுக்காய் ஆசிரியர்: 2010இலிருந்துதான். முந்தியதெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது.

அது எங்கள் எல்லோருக்கும் இழப்பு. ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்திடம் நீண்டகால மழைப் பதிவுகள் உண்டு, குள மட்டங்களை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்கலாம். முதலில் உங்கள் விதியை எழுதி வையுங்கள்: எத்தனை வருடம் பிந்தும், எந்த மாத மழை. அதன் பிறகு பதிவை எடுத்துப் பாருங்கள். பிறகு விதியை மாற்றக் கூடாது. வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருவர் இறுதியாண்டு ஆய்வாக எடுத்தால், தொடர்பு இல்லை என்று முடிந்தாலும் அது முழுமையான ஆய்வு.

இந்த வாதத்தில் மற்றக் கேள்விகள் தேங்கிவிட்டன. சுருக்கமாகப் போகிறேன்.

புதுக்குடியிருப்பு, விஞ்ஞான ஆசிரியை: பாடசாலையில் தொலைநோக்கி இல்லை. பிள்ளைகள் உண்மையாக ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் மிஸ். சூரியனைக் கவனிக்க 1995இல் ஏவிய சோஹோ விண்கலத்தின் படங்கள் உடனுக்குடன் வெளியிடப்படுகின்றன. அவற்றில் 5,000க்கு மேற்பட்ட வால்வெள்ளிகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன, பெரும்பாலும் கண்டவர்கள் தன்னார்வலர்கள். நீல நிறப் படத்தை எடுங்கள். நடுவில் சூரியனை மறைக்கும் தட்டு, அதற்குள் சூரியனின் அளவைக் காட்டும் வெள்ளை வட்டம். அடுத்தடுத்த படங்களைப் பார்த்தால் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இடமிருந்து வலமாக நகரும். ஒரு படத்தில் மட்டும் தெரிந்து மறையும் புள்ளி வெறும் கதிர்த் துகள். ஐந்தாறு படங்களில் தொடர்ந்து, நட்சத்திரங்களோடு சேராமல், சூரியனை நோக்கி நேராகப் போகும் மங்கல் புள்ளியைத் தேடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசித் திரை சின்னது, கணினியில் பாருங்கள்.

வானொலியில் விருப்பம் என்றால், மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் சூரிய வானொலி வெடிப்புகளைப் பதியும் கலிஸ்டோ கருவி உண்டு. அந்த உலக வலையமைப்பின் தரவும் இலவசம்.

செட்டிகுளம்: 2010, 2019 கங்கணக் கிரகணங்களை எக்ஸ்ரே படத்தால் பார்த்தோம். 2026 கிரகணத்துக்கும் அப்படிச் செய்யலாமா?

எக்ஸ்ரே படம் கூடாது. இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகும், விழித்திரை எரியும்போது வலியும் தெரியாது. சாணித் தண்ணீரில் விழும் விம்பத்தைக் குனிந்து பார்ப்பதையும் விடுங்கள். சான்றிதழ் பெற்ற கிரகணக் கண்ணாடி, அல்லது மட்டையில் ஊசித் துளையிட்டு விம்பத்தைத் தரையில் விழுத்திப் பார்ப்பது. 2026 ஆகஸ்ட் 12 முழுக் கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். இங்கே தெரியாது.

மாங்குளம்: வெயிலுக்கு சோலார் பம்ப் நல்லதா?

மூன்றாவது முறை. இப்படியான கேள்விகளை என்னிடம் கேட்க வேண்டாம்.

முள்ளியவளை: புலமைப்பரிசில் விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருவர் 60,000 கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். நீங்களே நிரப்புங்கள், ஆங்கிலம் திருத்த வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள்.

விசுவமடு: பழைய மடிக்கணினி, 4 ஜிபி. வீட்டில் டேட்டாவும் குறைவு. இதில் எதையாவது தொடங்க முடியுமா?

முடியும். முதலில் ஒன்றும் நிறுவ வேண்டாம். சூரியப் படங்களைத் திகதி கொடுத்துப் பார்க்கும் ஹீலியோவியூவர் தளத்தை உலாவியில் திறந்து 2024 மே 10 என்று திகதி கொடுங்கள். லடாக்கின் ஹான்லே வரை துருவ ஒளி தெரிந்த சூரியப் புயலின் நாள் அது. வட்டின் வலப்பக்கத்தில் அதைக் கிளப்பிய பெரிய சூரியப்புள்ளிக் கூட்டம் இருக்கும். அதற்கு ஒரு வாரம் முந்திய திகதிக்குப் போய், அங்கிருந்து நாளுக்கு ஒரு படமாக அது எப்படி வளர்ந்தது என்று கொப்பியில் வரையுங்கள். அது முடிந்ததும் பைதனும் சன்பையும் நிறுவுங்கள். முழுத் தெளிவுப் படங்களை இறக்கினால் டேட்டா கரைந்துவிடும். சிறியதாக்கிய படங்களை எடுங்கள், அல்லது எண்ணிக்கைப் பட்டியல்களோடு தொடங்குங்கள். துணுக்காய் ஐயாவின் மழைக் கணக்குக்கு இந்த மடிக்கணினி தாராளம். அவருக்குக் கணினி தெரிந்த ஓர் ஆள் தேவைப்படும். சம்மதம் என்றால் சொல்லுங்கள், இரண்டு பேரையும் தொடர்புபடுத்தி விடுகிறேன்.