கழுத்துத் துளையிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி பதில்: பொம்மைப் பட்டறை

ஜப்பானிய பொம்மைத் தொழில் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில் ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) பொம்மைகள் செய்து விற்கிறேன். அடுத்த ஏப்ரலில் ஜப்பான் போய் 'சோஃபுபி' கற்கலாம் என்று திட்டம். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் எதைப் பழக வேண்டும்? நிறைய வரைந்து தள்ளினால் போதுமா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: வரைவது உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது. வராதது அச்சிலிருந்து யோசிப்பது. எட்டு மாதத்தையும் அதற்கே கொடுங்கள்.

சோஃபுபி என்பது 'சாஃப்ட் வினைல்' (மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக்) என்பதன் ஜப்பானியச் சுருக்கம். செய்முறை இதுதான். களிமண்ணிலோ எம்-சீல் போன்ற எபாக்ஸி புட்டியிலோ மூலச் சிற்பம் செய்கிறார்கள். இப்போது கணினியில் செதுக்கி பிரின்ட் எடுப்பவர்களும் உண்டு. அதிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து, அதில் மெழுகை வார்த்து, அந்த மெழுகு வடிவத்தை வழவழப்பாகச் சரிசெய்கிறார்கள். மெழுகின் மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு பூசி, செம்புக் கரைசல் தொட்டியில் வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கெட்டி ஓடாகிறது. மெழுகை உருக்கி வெளியேற்றினால் அந்த ஓடுதான் அச்சு. மூல மெழுகு இதில் அழிந்துபோகும். ஆகவே மெழுகில் ஒரு கீறலைக் கவனிக்காமல் விட்டால், அந்த அச்சில் வார்க்கும் ஒவ்வொரு பொம்மையிலும் அந்தக் கீறல் வரும்.

அடுத்தது வார்ப்பு. பிவிசி தூளும் அதை மெத்தென்று ஆக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயும் கலந்த குழம்பை அச்சில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். அச்சின் சுவரைத் தொட்டிருக்கும் குழம்பு முதலில் இறுகும். நடுவில் இறுகாமல் இருப்பதைத் திருப்பி ஊற்றிவிட்டு, மறுபடி சூட்டில் வேகவைத்து, தண்ணீரில் ஆற்றி, இளஞ்சூடாக இருக்கும்போதே இடுக்கியால் பிடித்து இழுத்து உருவுவார்கள். எவ்வளவு நேரம் தொட்டியில் விட்டோமோ அவ்வளவு தடிமன். அந்தக் கணக்கு வார்ப்பவரின் கையில் இருக்கிறது, புத்தகத்தில் கிடைக்காது.

இதில் டிசைனரை மாட்டிவிடும் இடம் ஒன்று உண்டு: குழம்பு போகிற வழியும் பொம்மை வெளியே வருகிற வழியும் ஒரே துளை. தலைக்கு அது கழுத்துத் துளை, கைக்குத் தோள் துளை. அச்சைப் பிளக்க முடியாது, ஒரே துண்டு. உங்கள் ரெசின் வேலையில் இரண்டு பாதி சிலிக்கான் அச்சைப் பிரித்து எடுத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே பொம்மைதான் மடங்கிச் சுருங்கி வெளியே வர வேண்டும். 6 சென்டிமீட்டர் அகலத் தலைக்கு 1 சென்டிமீட்டர் கழுத்து வைத்து அழகாக வரைந்திருப்பீர்கள், உருவும்போது கிழிந்துவிடும். முதல் டிசைன்களில் துளையைத் தலையின் அகலத்தில் பாதியாக வையுங்கள், பயமில்லை. கொம்பு, வால் நுனி, விரல் நுனி எல்லாம் துளைக்கு எதிர்த் திசையில் கூர்மையாக முடிந்தால் காற்று அங்கே சிக்கி நுனி மொட்டையாக வரும். அந்த நுனிகளைக் கொஞ்சம் தடித்து, உருட்டி முடியுங்கள்.

இதைப் புரிந்துகொள்ளச் செலவே இல்லாத பயிற்சி ஒன்று. நடைபாதைக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை ஒன்று வாங்குங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, தலையைத் திருகி இழுத்தால் கழன்று வரும். கழுத்தின் விளிம்பில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் தெரியும். அந்த இரண்டும்தான் தலையையும் உடம்பையும் பசையில்லாமல் பிடித்திருப்பவை. தலையை பிளேடால் நெடுக அறுத்து, மூக்கு, காது, கன்னம், கழுத்து என நாலு இடத்தில் வெர்னியர் அளவுகோலால் தடிமன் அளந்து எழுதுங்கள். அது அச்சை மூடிச் சுழற்றி வார்த்தது, ஜப்பானியப் பட்டறைகளில் கையால் ஊற்றிக் கவிழ்ப்பது வேறு முறை. ஆனால் பொருளும் மூட்டும் ஒன்றுதான். இப்படிப் பத்து பொம்மை அறுத்துப் பார்த்தவர் பட்டறையில் அசட்டுக் கேள்வி கேட்கமாட்டார்.

இரண்டாவது பயிற்சிக்கு கொசப்பேட்டை. அங்கே பொம்மை செய்கிறவர்கள் அச்சில் எடுக்கும் வேலையை ஒரு வாரம் பக்கத்திலிருந்து பாருங்கள். பிறகு வீட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு செய்து, மோர்ப் பதத்தில் கரைத்த களிமண்ணை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மீதியைக் கவிழ்த்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய மண் ஓடாக நிற்கும். 5, 10, 15 நிமிடம் என மாற்றிச் செய்து தடிமனை ஒப்பிடுங்கள். சூடு இல்லை, பிவிசி இல்லை, ஆனால் கணக்கு அதே கணக்கு. மண் மடங்காது என்பதால் இந்த அச்சை மட்டும் இரண்டு பாதியாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று: வினைல் ஆறும்போது சுருங்கும். மூலச் சிற்பம் முடிவான அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை வார்க்கப்போகும் பட்டறையே சொல்லும். கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: என் சிலிக்கான் அச்சு சில நேரம் உள்பக்கம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கிறது. அதில் ஊற்றும் ரெசினும் நுரைத்துக்கொண்டு வருகிறது. கடைக்காரர் சரக்கைக் குறை சொல்லக் கூடாது என்கிறார். (வாசகி, ராயபுரம்)

பதில்: கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டும் தனித்தனிக் கோளாறு.

பிசுபிசுப்பு முதலில். வார்ப்பு சிலிக்கானில் இரண்டு வகை: டின் வகை, பிளாட்டினம் வகை. பிளாட்டினம் வகை சுருங்காது, நீடிக்கும். ஆனால் கந்தகத்தைக் கண்டால் இறுக மறுக்கும். சாதாரண பிளாஸ்டிசின் களிமண்ணில் கந்தகம் உண்டு. எம்-சீல் போன்ற எபாக்ஸி புட்டி, முழுதாகக் காயாத யுவி ரெசின் பிரின்ட், லேடெக்ஸ் கையுறை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். மேலே வார்னிஷ் அடித்தால் தப்பலாம் என்பார்கள், பாதி நேரம் தப்பாது. கந்தகமில்லாத களிமண் வாங்குங்கள், அல்லது டின் வகைக்கு மாறுங்கள். எதுவானாலும் சிற்பத்தின் அடியில் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு கலவை வைத்து ஒரு நாள் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகே முழு அச்சு ஊற்றுங்கள்.

டின் வகையில் வருகிற தவறு அளவு. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். பெட்டி 10 × 8 × 8 சென்டிமீட்டர் என்றால் 640 மில்லி. சிற்பம் தண்ணீரை 150 மில்லி உயர்த்துகிறது என்றால் மீதி 490 மில்லி. சிலிக்கான் தண்ணீரைவிடக் கனம், ஆகவே சுமார் 550 முதல் 590 கிராம் பிடிக்கும். டப்பாவில் 3 சதவீதம் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) என்று போட்டிருந்தால் 550 கிராமுக்கு 16.5 கிராம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு போதும். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகுகிறதே என்று கேட்டலிஸ்டைக் குறைக்காதீர்கள். விடியற்காலையில் ஊற்றுங்கள். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்கி, இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். ஆங்காங்கே மட்டும் இறுகாத திட்டுகள் வந்தால் காரணம் கலக்கல்தான், கந்தகம் இல்லை.

இனி நுரை. மேலே இரண்டு மூன்று பெரிய வட்டக் குமிழி என்றால் காற்று சிக்கியது. ஊற்றும்போது மெல்லிய நூலாக ஊற்றினால் குறையும். உள்ளே முழுக்கப் பொடிப்பொடியாக, இட்லி மாவு பொங்கினதுபோல் எழும்பி வந்தால் அது ஈரம். பாலியூரிதேன் ரெசினின் ஒரு பாகம் தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை விடும். கடலை ஒட்டிய ராயபுரத்தில் காற்றே ஈரம். ஐஸ்கிரீம் குச்சியால் கலக்குவதை நிறுத்துங்கள், மரம் ஈரத்தை வைத்திருக்கும். ஸ்டீல் கரண்டிதான் சரி. டப்பாவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். எடுத்ததும் வாயைத் துடைத்து மூடி, சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். சிலிக்கான் அச்சைத் தண்ணீரில் கழுவியிருந்தால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மழை நாளில் ரெசின் வேலையே வேண்டாம், மெழுகைச் சீவுங்கள்.

கேள்வி: என் மகன் ஜப்பானில் ஒரு பொம்மைக் கலைஞரிடம் சேர்ந்து கற்கப் போகிறேன் என்கிறான். டூரிஸ்ட் விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் அவன் நண்பர்கள். சரிதானா? மொழி எவ்வளவு தெரிய வேண்டும்? (அம்மா ஒருவர், கொருக்குப்பேட்டை)

பதில்: டூரிஸ்ட் விசாவில் போய்க் கற்கலாம் என்பதை நம்ப வேண்டாம், அம்மா. குறுகிய கால விசாவில் சம்பள வேலை செய்யக் கூடாது, நீண்டகாலம் தங்கவும் முடியாது.

வழிகள் இரண்டு. ஒன்று மாணவர் விசா. மொழிப் பள்ளியிலோ தொழிற்கல்லூரியிலோ சேர வேண்டும். அந்தப் பள்ளி ஜப்பான் குடிவரவுத் துறையில் 'தகுதிச் சான்றிதழ்' வாங்கி அனுப்பும். அதன் பிறகே சென்னையில் விசாவுக்கு விண்ணப்பம். சான்றிதழ் சாதாரணமாக மூன்று மாதம் செல்லும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பள்ளிகள் விண்ணப்பம் வாங்குகின்றன. ஆகவே தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். செலவு தாங்கப்போகிறவரின் வங்கிக் கணக்கு, வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள். தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம்.

இன்னொன்று 'கலாசாரச் செயல்பாடு' என்ற வகை. ஜப்பானியக் கலை ஒன்றை அதன் வல்லுநரிடம் நேரடியாகக் கற்பவருக்கானது, சம்பளம் கிடையாது. கோகேஷி மரப்பொம்மை, களிமண் பொம்மை போன்ற மரபுக் கலைக்கு இது பொருந்தக்கூடும். வினைல் பட்டறைக்கு இந்த வகையில் போவதென்றால், அழைக்கிறவர் தன் தகுதியையும் கற்பிக்கும் திட்டத்தையும் ஆவணமாகக் காட்ட வேண்டியிருக்கும். வாய்ப்பேச்சில் 'வா' என்று சொன்னது போதாது.

மொழியைப் பொறுத்தவரை, தொழிற்கல்லூரிக்கு ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 அளவை (என்5 தொடக்கம், என்1 உச்சம்) எதிர்பார்ப்பார்கள். மொழிப் பள்ளிக்கு என்5 அளவோ 150 மணி நேரப் படிப்போ போதுமானதாக இருக்கும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தொசோகாய் என்ற மையத்தில் ஜப்பானிய மொழி வகுப்பும் உண்டு. வடசென்னையிலிருந்து பஸ் தூரம்தான்.

பட்டறைச் சொற்களைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். கென்கேய் என்றால் மூலச் சிற்பம். கதா என்றால் அச்சு. பரி என்றால் வார்ப்பு ஓரத்தில் நிற்கும் பிசிறு. கிஹோ என்றால் குமிழி. தோசோ என்றால் வண்ணம் அடிப்பது. இலக்கணம் தடுமாறினாலும் இந்தச் சொற்கள் தெரிந்த பையனுக்குப் பட்டறையில் முகம் கொடுத்துப் பேசுவார்கள்.

ஒரே ஆள் எல்லாம் கற்றுத் தருவார் என்ற எண்ணமும் வேண்டாம். சிற்பம் ஒருவர், மெழுகு ஒருவர், செம்பு அச்சு ஒரு பட்டறை, வார்ப்பு இன்னொரு பட்டறை என்று பிரிந்துகிடக்கும் தொழில் இது. உங்கள் மகன் எதில் நிற்கப் போகிறான் என்று அவனையே கேளுங்கள்.

கேள்வி: பிவிசி பேஸ்ட் ரெசின் (குழம்பு கலக்கும் அந்தப் பிவிசி தூள்) நம் மேட்டூரிலேயே தயாராகிறதாமே? முலாம் பட்டறையும் இங்கே இருக்கிறது. ஜப்பான் எதற்கு? வீட்டிலேயே வார்த்தால் என்ன? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: சரக்கு இங்கே தயாராவது உண்மை. முலாம் பட்டறைக்காரரை மெழுகின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் செம்பு ஏற்றச் சம்மதிக்க வைத்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அவர்கள் பழகியது மெல்லிய பளபளப்பு. அவசரத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் செம்பு சொரசொரப்பாக, மூலைகளில் மட்டும் முண்டுமுண்டாக ஏறும்.

வீட்டில் வார்ப்பது மட்டும் கூடாது. பிவிசி அளவுக்கு மேல் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலை அரிக்கும். 200 டிகிரி எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று வடை சுட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும் தெருவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஜப்பான் எதற்கு என்றால், தொடர்ச்சிக்கு. எளிதில் தீப்பிடிக்கும் செல்லுலாய்டு பொம்மைகளை விட்டு 1950களில் அங்கே வினைலுக்கு மாறினார்கள். டோக்கியோவின் கத்சுஷிகா பகுதி அந்தப் பொம்மைத் தொழிலின் ஊர். 1966இல் மாருசான் நிறுவனத்தின் ராட்சத விலங்குப் பொம்மைகள் விற்றுத் தீர்ந்த காலத்திலிருந்து அந்தக் கைப்பழக்கம் அறுபடவில்லை.

கேள்வி: வினைல் பொம்மைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். ஒரு மாதம் கழித்துக் கையில் ஒட்டுகிறது. (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: வினைலுக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே வந்து சாதாரண பெயின்டை இளக்குகிறது. எத்தனை நாள் காயவைத்தாலும் சரியாகாது. வினைலுக்கென்றே உள்ள பெயின்ட்தான் மேல்பரப்போடு ஒன்றிப் பிடிக்கும். அடிக்கும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவி அச்சு எண்ணெயை எடுங்கள். கண், வாய் போன்ற இடங்களுக்கு ஜப்பானில் செம்பிலேயே முகமூடித் தகடு செய்து, அதன் துளை வழியாக ஸ்ப்ரே அடிக்கிறார்கள். நூறு பொம்மைக்கும் ஒரே கண் வருவதற்குக் காரணம் அந்தத் தகடு.

கேள்வி: சேர்க்கைக்கு போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள். என்ன வைப்பது? என் வண்ணங்களையும் ரெசினையும் எடுத்துப்போகலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: முடிந்த பொம்மையின் அழகான படம் இருபது வைப்பதைவிட, ஒரே பொம்மையை முழுதாகக் காட்டுங்கள்: முன், பக்க, பின் பார்வை வரைபடம் மில்லிமீட்டர் அளவோடு, எந்த இடத்தில் துண்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு துண்டின் துளை எங்கே, அச்சு, முதல் வார்ப்பில் வந்த கோளாறு, இரண்டாவதில் எப்படிச் சரிசெய்தீர்கள். கெட்டுப்போன வார்ப்பின் படத்தை ஒளிக்காதீர்கள், அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். கதாபாத்திரம் உங்களுடையதாக இருக்கட்டும். பிரபலமான சினிமா உருவத்தைச் செய்து வைத்தால் உரிமை யாருடையது என்ற கேள்வி முதலிலேயே வரும்.

ஊருக்குத் திரும்பி விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெரியவர்கள் சேகரிக்கும் பொம்மை என்றால் அதைப் பெட்டியிலேயே தெளிவாகப் போட வேண்டும், படமும் குழந்தைக்கு விற்பதுபோல் இருக்கக் கூடாது.

பெயின்ட், தின்னர் விமானத்தில் ஏறாது. ரெசினையும் இங்கேயே விட்டுவிடுங்கள். சீவுளி, கத்தி, வெர்னியர் எல்லாம் செக்-இன் பெட்டியில். கையில் அளவு நோட்டு போதும். அறுத்த பொம்மைத் தலை ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கேனரில் பார்ப்பவர் கேட்டால் விளக்கம் சொல்லத் தயாராக.